சன்னாசி டிவிசன் லோரி நாடகம்

சனிக்கிழமை, காலை 8.30

கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தாவுக்கு பஸ் டிக்கெட் முப்பத்தொன்பது வெள்ளி. பதினான்காம் நம்பர் இருக்கை, ஜன்னல் ஓரம். அறுபத்தேழு வயது ஆளை இன்னமும் "மாப்பிள்ளை" என்று கூப்பிட ஓர் இடம் இருக்கிறதென்றால், அங்கே போக ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். தப்பில்லை.

கூப்பிட்டவர் மணியம். கேமரன் மலையில் கோலா தெர்லாவைத் தாண்டி உள்ளே பிரியும் சன்னாசி டிவிசன் என்ற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். என் மனைவி சரோஜா அந்தத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் இல்லாவிட்டாலும் அந்தத் தோட்டத்துக்கு நான் மாப்பிள்ளைதான். அந்த உத்தியோகத்துக்கு மட்டும் ஓய்வு வயது கிடையாது போலிருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன் மணியம் போன் பண்ணினார். "மாப்ள, சரோஜாக்கா வீட்டுப் பேருக்கு இந்த வருசம் ஆள் இல்ல. கடைசியா இருந்த பையனும் ஜொகூருக்குப் போயிட்டான். பேரைக் கூப்பிட்டு யாரும் பதில் சொல்லலன்னா நல்லா இருக்காதுலா. நீங்க வந்துருங்க."

இது என்ன பேர், என்ன பதில் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு நாள் காலை அந்தத் தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்கு ஒரு லோரி வந்து நின்றது. பெரட்டுக் களம் என்பது வேலைக்குப் போகும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் வாசிக்கும் இடம். அன்றைக்குக் கங்காணி வாசித்த பதினொரு பேரும் லோரியில் ஏறிச் சயாமுக்கு ரயில் தண்டவாளம் போடப் போனார்கள். திரும்பி வந்தது ஒரே ஒருவர், காளியப்பன், மணியத்தின் தாத்தா. அவருடைய குடும்பம் சிதறிய கதையைத்தான் தோட்டத்தார் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடகமாக நடத்துகிறார்கள். வெள்ளைக்காரர்கள் ஓப்பரா என்கிறார்களே, அந்த வகை. வசனமே கிடையாது. "அடுப்பில் உலை கொதிக்கிறது" என்பதைக்கூட ராகம் போட்டுத்தான் சொல்வார்கள்.

பாட்டில்லாத இடம் ஒன்றே ஒன்று உண்டு. பெரட்டுக் காட்சியில் கங்காணி வேடம் போட்டவர் அந்தப் பதினொரு பேரையும் வாசிப்பார். ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டு வாரிசு ஒருவர் கூட்டத்திலிருந்து "இருக்கேன்" என்று பதில் சொல்லி, நிறுத்தியிருக்கும் லோரியில் ஏற வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரு தடவை போயிருந்தோம். சரோஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் கீழே அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருடமும் போகலாம், அடுத்த வருடமும் போகலாம் என்றாள். அடுத்த வருடம் என்பது எப்போதும் சுலபமாக வாயில் வருகிற சொல்.

பகல் 12.10

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். நேரான ரோடு என்று நாற்பத்தைந்து மீட்டர்கூட இல்லை. பஸ் ஓட்டுநர் தைப்பிங் பக்கத்துத் தமிழர். பின்னால் ஒரு பெண் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டதும் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "மலையேறுறவன் வாயைக் கட்டணும், மலையெறங்குறவன் வயித்தைக் கட்டணும்." ஏறும் முன் சாப்பிடாதே, இறங்கும் முன் கண்டதை வாங்கித் தின்னாதே என்று விளக்கமும் கொடுத்தார். இப்படிப்பட்ட சொல் காதில் விழுந்தால் எனக்குப் பத்து வெள்ளி கீழே கிடந்து எடுத்த மாதிரி. டிக்கெட்டின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டேன்.

பகல் 1.40

தானா ராத்தாவில் இறங்கியதும் குளிர் சட்டைக்குள் கை விட்டது. சாப்பாட்டுக்கு ஒரு தமிழ் முஸ்லிம் கடை. முட்டை ரொட்டியும் இஞ்சித் தேநீரும் ஐந்து வெள்ளி அறுபது காசு. கடைக்காரரிடம் சன்னாசி டிவிசன் என்றதும், நாடகத்துக்கா என்று கேட்டார். தன் வாப்பா காலத்திலிருந்து நாடகத்தன்று சாப்பாட்டுக்கு வெங்காயம் இவர்கள் கடையிலிருந்துதான் போகிறதாம். அந்தக் கதையில் அழாதவன் கல்லாவில் உட்காரக் கூடாது, ஏமாற்றிவிடுவான் என்று வாப்பா சொல்வாராம். அதையும் எழுதிக்கொண்டேன்.

பகல் 3.00

அங்கிருந்து பிரிஞ்சாங் வழியாகக் கியா பார்முக்கு டாக்சி இருபத்தைந்து வெள்ளி. தூரம் ஒன்பது கிலோமீட்டர்தான். சனிக்கிழமை நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆனது. சாலையின் இரண்டு பக்கமும் காய்கறிக் கடைகள், அவித்த சோளம், தொட்டியில் கள்ளிச்செடி, ஸ்ட்ராபெரி. அதில் ஏழாவது கடை லெட்சுமியுடையது. சரோஜாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். முப்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு இப்போது கடை வைத்திருக்கிறாள். நான் தங்குவது இவள் வீட்டில்.

என்னைப் பார்த்ததும் ஒரு சோளத்தைக் கையில் திணித்தாள். சூட்டில் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் ரெயின்கோட்டு இருந்ததாம். மழையில் பள்ளிக்கூடம் போகும்போது ஆளுக்கொரு கையை ஆளுக்கொரு கைப்பக்கம் நுழைத்துக்கொண்டு நடப்பார்களாம். சரோஜா உயரம் என்பதால் லெட்சுமியின் ஒரு தோள் எப்போதும் நனைந்துதான் இருக்குமாம். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இன்னும் இந்த மலையில் மிச்சம் இருந்தது. அதற்காகவே வரலாம் என்று தோன்றியது.

நாளைக்கு நாடகத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டேன். லெட்சுமி ஸ்ட்ராபெரிப் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"நீங்க முன்னாடி போங்கண்ணே. நான் வெளியில இருந்துதான் கேப்பேன். வருசா வருசம் அப்படித்தானே."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் போன அன்றைக்கும் இவள் களத்துக்கு வெளியே வாய்க்கால் பாலத்தில்தான் நின்றிருந்தாள். ஏன் உள்ளே வரவில்லை என்று சரோஜாவிடம் கேட்டேன். "அவ கங்காணி பேத்தி" என்று சொல்லிவிட்டு அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

மாலை 6.15

கோலா தெர்லாவில் லெட்சுமியின் வீட்டுக்கு முன்னால் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை அதிர்ந்தது. பனி வந்து வாசலை மூடியது. "பனிக்கு வெக்கமில்ல, கதவைத் தட்டாம வரும்" என்றாள் லெட்சுமி. எழுதிக்கொண்டேன். அப்புறம் அவள் சொன்னதை எழுதவில்லை. அது எழுதாமலே நினைவில் நிற்கிறது.

பெரட்டில் பேர் வாசித்த வீராசாமிக் கங்காணி இவளுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா. லோரி போனதும் காளியப்பனின் மனைவி ராக்கம்மா கங்காணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை, அழவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வந்து வந்து நின்றாள். நாலாம் நாள் காலையில் கங்காணியின் மூத்த மகன் தங்கராசு, பத்தொன்பது வயது, தன் அம்மாவிடம் "என்னன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். நடந்தே தாப்பா வரை போய், அங்கே சயாமுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த இன்னொரு லோரியில் அவனாகவே ஏறியதாக யாரோ வந்து சொன்னார்களாம். அதற்கப்புறம் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

தோட்டம் இதை நம்பவில்லை. ஊரான் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கங்காணி தன் பிள்ளையை டவுனில் ஒளித்து வைத்துவிட்டான் என்றது. கங்காணி சத்தியம் செய்தார். செக்ரோலில் காட்டு என்றார்கள். செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்களின் வருகைப் பதிவுப் புத்தகம். நாடகத்தில் வாசிக்கும் பதினொரு பேரும் அதிலிருந்து எடுத்ததுதான். அதில் தங்கராசு பேர் இல்லை. எப்படி இருக்கும்? என் மகன் கூலி இல்லை, கூலிப் பட்டியலில் அவன் பேர் வரக் கூடாது என்று சொல்லி எழுதவிடாமல் செய்தவரே கங்காணிதான்.

"தாத்தா திமிருக்கு எங்க பெரியப்பா அநாதையாப் போயிட்டாருண்ணே" என்றாள் லெட்சுமி. "நான் தாத்தாவை நல்லவருன்னு சொல்லச் சொல்லல. பெரியப்பா பேரை ஒரே ஒரு வாட்டி அந்தக் களத்துல கூப்பிடணும். அவ்வளவுதான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே மணியம் வந்துவிட்டார். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவருக்கு லெட்சுமி தேநீர் ஊற்றினாள். நாடகத்தில் அவர்தான் வாத்தியார், காளியப்பன் வேடமும் அவர்தான். தோட்டத்து லோரி ஓட்டுகிறவரே லோரி நாடகத்துக்கும் வாத்தியார் என்று நான் சொல்ல, இரண்டுக்கும் கியர் ஒன்றுதான் மாப்ள, ஏத்தத்தில் முதல் கியரில் பிடித்தால் அப்புறம் மாற்றக் கூடாது என்றார். லெட்சுமி அந்த இடத்தில் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் நாடகத்தை மாற்றாமல் வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். மதகைத் திறந்த மாதிரி இருவரும் தொடங்கிவிட்டார்கள். பதினைந்து வருடமாக இந்தச் சண்டை நடக்கிறதாம்.

"லெட்சுமிக்கா, எனக்கு உங்க மேல கோவமா? செக்ரோல்ல ஒரு வரி காட்டுங்க, நாளைக்கே கூப்பிடறேன்."

"அது இல்லாமதானே உன்கிட்ட கெஞ்சறேன்."

"செக்ரோல்ல பேரில்லாதவனை மழையும் நனைக்காதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் என்ன செய்யட்டும்?"

"அப்ப நீ பாடுறியே ஒரு சப்பாத்துப் பாட்டு. அந்தச் சப்பாத்து யாரோடது?"

இதையும் விளக்க வேண்டும். சயாமில் காளியப்பன் காய்ச்சலில் விழுந்தபோது யாரோ அவரை மூட்டையைப் போலத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக் கொட்டகை வரை தூக்கிப் போனார்கள். தலை கீழாகத் தொங்கியவருக்குத் தூக்கியவனின் குதிகால்தான் தெரிந்தது. கண் விழித்தபோது ஆள் இல்லை. "முகத்தைப் பார்க்கலை, சப்பாத்தைப் பார்த்தேன்" என்று அவரே கட்டிய பாட்டு நாடகத்தில் இருக்கிறது. சப்பாத்து என்றால் ஷூ. அந்தக் காலத்தில் தோட்டத்தில் சப்பாத்து போட்டது கங்காணி வீடு மட்டும்தான், அதனால் தூக்கியது தங்கராசுதான் என்பது லெட்சுமியின் வாதம். சயாமில் சப்பாத்து போட்டவன் ஆயிரம் பேர் என்பது மணியத்தின் வாதம். எனக்கு இரண்டும் நியாயமாகத்தான் பட்டது.

மணியம் எழுந்தார். "தாத்தா பாட்டுல ஒரு சொல்லு மாத்தினா எங்க பாட்டி ராக்கம்மா என்னைச் சும்மா விடாதுக்கா" என்றார். ராக்கம்மா புருசனைத் தேடி மகளோடு கம்போங் ராஜா வரை போய், அங்கே காய்ச்சலில் செத்தவள். மணியம் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் இருக்கிற பாட்டியைச் சொல்வதுபோலச் சொன்னார். லெட்சுமி அவர் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிறு, காலை 10.30

மூன்று கிலோமீட்டர் நடந்து தோட்டத்துக்குப் போனேன். தேயிலைச் சரிவுகள் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பார்த்த அதே பச்சைதான். ஆனால் லைன் வீடுகளில் பாதிக்கு மேல் வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளப் பையன்களும் இருக்கிறார்கள். சரோஜா பிறந்த வீட்டு வாசலில் ஒரு வங்காளப் பையன் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தான். நான் ஏன் அங்கே நின்று பார்க்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. மலாயில் சொன்னேன். உடனே உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டான். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

பெரட்டுக் களத்துக்குத் துத்தநாகக் கூரை போட்டிருக்கிறார்கள். நாடகம் பகலில்தான் நடக்கும். யுத்தம் முடிந்து முதல் தடவை போட்டபோது விளக்குக்கு எண்ணெய் கிடைக்கவில்லையாம், அதுவே வழக்கமாகிவிட்டது. மணியத்தின் கொழுந்து லோரியைக் கழுவிப் பின்பக்கத்தை மேடைப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். ஒரு சாக்கு நிறைய முத்தல் இலை அவிழ்த்துக் கொட்டியிருந்தது. பேர் வாசிக்க வரும் கங்காணி மேல் கூட்டம் எறிவதற்கு.

அங்கே போன பத்தாவது நிமிடத்தில் சேதி வந்தது. சிம்பாங் பூலாய் ரோட்டில் மலை சரிந்து வழி அடைத்துவிட்டது. ஈப்போவிலிருந்து வரவேண்டிய குட்டி என்ற ஆள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். வருடா வருடம் கங்காணி வேடம் குட்டிதான். வெளியூர்க்காரன், தோட்டத்தில் அவனுக்கு உறவு யாரும் இல்லை. ரெயின்கோட்டு போட்டுக்கொண்டு வந்து இலையடி வாங்கிக்கொண்டு, சம்பளமாக ஒரு பெட்டி தேயிலை வாங்கிக்கொண்டு போய்விடுவான். தோட்டத்தார் யாரும் அந்தப் பேர்களை வாசிக்க மாட்டார்கள். சொந்த ஆட்களைச் சொந்த வாயால் லோரிக்கு அனுப்புவதா என்பார்கள். மணியம் ஏழெட்டுப் பேரைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் பல்வலி என்றார். ஒருவர் தான் மாலை போட்டிருப்பதாகச் சொன்னார். கழுத்தில் மாலை இல்லை. நான் வாசிக்கட்டுமா என்றேன். கூப்பிடுகிறவனே பதிலும் சொல்ல முடியாதே மாப்ள, அப்புறம் சரோஜாக்கா வீட்டுக்கு யார் ஏறுவது என்று கேட்டார். அது சரிதான்.

மதியச் சாப்பாட்டுக்குக் காய் கொண்டு வந்திருந்த லெட்சுமி பாலத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் களத்துக்குள் நடந்து வந்தாள். என்னால் கணக்குப் போட முடிந்தவரை, அவள் குடும்பத்தில் ஒருவர் நாடகத்தன்று அந்தக் களத்தில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"நான் வாசிக்கறேன்."

மணியம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இருக்கற பேரை மட்டும்தான்கா."

"கங்காணி கோட்டு எங்க?" என்றாள் லெட்சுமி.

பகல் 2.00

கூட்டம் இருநூறு பேர் இருக்கும். முன்வரிசைப் பெஞ்சில் கம்போங் ராஜாவிலிருந்து வந்த சீனக் குடும்பம் ஒன்று. ராக்கம்மா செத்தபோது அவளுடைய மகளை எடுத்து வளர்த்த காய்கறித் தோட்டக்காரரின் வம்சம். அவர்களுக்கு இதுவும் சொந்த வீட்டுக் கதைதான்.

முதல் காட்சியில் காளியப்பனும் ராக்கம்மாவும் மகனுக்கும் மகளுக்கும் சோறு ஊட்டிப் பாடினார்கள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை வேலை செய்யவில்லை. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் வாசிக்கிறவர் வாயால் பாடி நிரப்பினார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பும் இதே கட்டைதான் பழுது என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். சரோஜா அன்றைக்கு என் காதில் சொல்லிச் சிரித்தது இதைத்தானா என்று யோசித்தேன். நினைவில்லை.

லெட்சுமி காக்கிக் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறையிட்ட செக்ரோல் பக்கம். கங்காணி வந்தால் கூட்டம் எழுந்து இலையை வாரும். இன்றைக்கு வாரிய கைகள் வாரியபடியே நின்றன. பொம்பளை, அதுவும் அவர் பேத்தி. லெட்சுமி மேடையின் முன்விளிம்புக்கு வந்து பாட்டை நிறுத்தினாள்.

"எறியுங்க. குட்டிக்கு எறியற மாதிரியே எறியுங்க."

முதலில் ஒரு கிழவர் எறிந்தார். அப்புறம் மழைதான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. கங்காணியின் அதிகாரப் பாட்டை வாய்க்கால் பாலத்திலிருந்தே கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். ஓர் அடி பிசகவில்லை. தலைப்பாகையில் இலை, கோட்டுப் பையில் இலை. சாக்கு காலியான பிறகுதான் பெரட்டுக்கு வந்தாள்.

"முனியன் மகன் காளியப்பன்."

"இருக்கேன்." மணியம் லோரியில் ஏறினார்.

ஒவ்வொரு பேராக. ஆறாவதாக, "சின்னான் மகன் பெருமாள்." சரோஜாவின் தாத்தா. இருக்கேன் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இரண்டு பேர் கை கொடுத்து என்னை மேலே தூக்கினார்கள். லோரிக்குள் கொழுந்து வாடை. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் களத்தில் நிற்கிறவர்கள்தான் தெரிகிறார்கள். அன்றைக்கு இவர்கள் கடைசியாகப் பார்த்தது அதைத்தான் என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. சரோஜாவுக்கும் தெரிந்திருக்கும். இறங்கி வந்து செருப்பை வாங்கிக்கொண்டவள் அதைப் போட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பதினொன்று முடிந்தது. இந்த இடத்தில் ஆர்மோனியம் எழ வேண்டும், லோரி என்ஜினை முடுக்க வேண்டும். லெட்சுமி செக்ரோல் பக்கத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். தாளைப் பார்க்காமல், நேராகக் களத்தைப் பார்த்து, அதே கங்காணிக் குரலில் கூப்பிட்டாள்.

"வீராசாமிக் கங்காணி மகன் தங்கராசு."

கூரையில் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பதில் சொல்ல அந்த வீட்டில் ஆள் வேண்டும். அந்த வீட்டு ஆள் மேடையில் நிற்கிறாள், அவள்தான் கூப்பிடுகிறவள். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். லெட்சுமி இரண்டாம் முறை கூப்பிடவில்லை. பெரட்டில் ஒரு முறைதான் கூப்பிடுவார்கள். பதில் இல்லையென்றால் அந்த ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

மணியம் எனக்கு அடுத்துத்தான் நின்றார். லோரியின் கம்பியைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தேன். பிடித்தார், விட்டார், பிடித்தார். பிறகு லோரியிலிருந்து குதித்தார். களத்தின் நடுவுக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். வேடத்தில் அவர் காளியப்பன், ஏற்கெனவே ஏறிவிட்டவர். அங்கிருந்து இரண்டாவது முறையாகச் சொன்னார்.

"இருக்கேன்."

சொல்லிவிட்டுத் திரும்ப நடந்து வந்து லோரியில் ஏறினார். ஆர்மோனியக்காரர் விழித்தார். மணியம் அவரைப் பார்த்து, வாசிய்யா என்று கையால் காட்டினார்.

பிறகு நடந்த நாடகத்தைச் சொல்ல எனக்குத் திறமை போதாது. சயாமில் மணியம் சப்பாத்துப் பாட்டைப் பாடியபோது கூட்டம் மேடையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் தலைப்பாகையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த லெட்சுமியைப் பார்த்தது. கடைசிக் காட்சியில் காளியப்பன் திரும்பி வந்து தேடிக் கண்டுபிடித்த மகளுக்குத் தமிழ் தெரியவில்லை. அவள் சீனத் தாலாட்டு ஒன்று பாடினாள். பாடியது முன்பெஞ்சுக் குடும்பத்துப் பெண். அப்பனுக்கு மொழி தெரியாது. மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே முனகினார். ஐந்து மணிக்கு முடிந்தது. லெட்சுமி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் இலையில் மணியம் இரண்டு தரம் பாயசம் ஊற்றினார்.

திங்கள், காலை 9.20

கியா பார்ம் கடையில் விடைபெற்றேன். மணியம் லோரியோடு அங்கே வந்திருந்தார். அடுத்த வருடத்துக்கு இப்போதே ஆள் பேசி வைத்துவிட வேண்டும், ரோடு சரியாகிவிடும், குட்டி வந்துவிடுவான், அக்கா நீங்கள் கீழே நின்று உங்கள் பெரியப்பாவுக்குப் பதில் சொல்லுங்கள் என்றார். அவர் முகத்தில் ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்த சந்தோஷம் இருந்தது.

லெட்சுமி ஒத்துக்கொள்ளவில்லை. நேற்றுப் பாடிக் கட்டிப்போன தொண்டையோடு சொன்னாள்: "குட்டிக்கு எதுக்கு அந்த அடி? பேரு வாசிச்சது எங்க தாத்தாதானே. கோட்டு எனக்குத்தான். பெரியப்பாவுக்கு நீயே ஏறிக்க."

அப்படியானால் இலை கொஞ்சம் அதிகமாகவே கொண்டு வருகிறேன் என்றார் மணியம். அவள் சிரித்துவிட்டாள். எனக்கு இரண்டு பெட்டி ஸ்ட்ராபெரி கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

பகல் 1.15

தாப்பாவில் பஸ் கால் மணி நேரம் நின்றது. வெயில் வந்து ஒட்டிக்கொண்டது. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான், கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம். இன்று அங்கே மாடி வீடுகள் நிற்கின்றன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அங்கேயும் லோரி வந்திருக்கும். யார் வாசித்தார்கள், யார் ஏறினார்கள் என்று எனக்கு ஒரு பேர்கூடத் தெரியாது. சுங்கை பூலோவில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு எழுபத்தாறு வயது, நினைவு கத்தி மாதிரி. நம் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனது யார் என்று கேட்டேன்.

"நம்ம வீட்டுல யாரும் போகலடா" என்றாள். "அப்பா அதை எவ்வளவு பெருமையாச் சொல்லுவாரு. தோட்டமே காலியாச்சு, நம்ம வீட்டுல ஒரு ஆளைத் தொடலன்னு."

எனக்கும் அந்தப் பெருமை நினைவிருக்கிறது. சின்ன வயதில் அதைச் சொல்லித்தான் மற்றப் பையன்களிடம் மார்தட்டுவேன். ஏன்க்கா நம் வீட்டை மட்டும் தொடவில்லை என்று கேட்டேன்.

போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"அதை நாம யாரும் கேட்டதே இல்லடா. பேரு வாசிச்சது யாருன்னும் கேட்டதில்ல" என்றாள்.

பஸ் கிளம்பியது. மடியில் லெட்சுமி கொடுத்த பெட்டிகள் இருந்தன. கோலாலம்பூர் வந்து சேரும் வரை அவற்றைத் திறக்கத் தோன்றவில்லை.